குழந்தைகளை எடுத்துவிட்டுக் குடியிருப்போரைப் போட்ட கதை

டொலீடோ, ஒஹாயோ
ஜூலை 9

மதிப்பிற்குரிய லொரெட்டா அத்தைக்கு,

உங்கள் தம்பி மகன் டுவைட் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மருமகள் கெயிலும் சௌக்கியம். நீச்சல் குளத்து மோட்டார் மட்டும் சௌக்கியமில்லை. அங்கே ஃப்ளோரிடாவில் உங்கள் இடுப்பு வலியும் நாய்க்குட்டி பிக்ஸியின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழாம் எண் வீட்டு ரெனாட்டா ஒகெண்டோவையும் அவளுடைய மூன்று பிள்ளைகளையும் ஏன் இன்னும் காலி செய்ய வைக்கவில்லை என்று போனில் கத்தினீர்கள். "உன்னை மேனேஜரா வெச்ச என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று நீங்கள் சொன்னது கெயில் காதிலும் விழுந்தது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன விதிகளை அப்படியே வாசலில் ஒட்டினேன். குழந்தைகள் புல்வெளியில் கால் வைக்கக் கூடாது, குழந்தைகள் இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே தென்படக் கூடாது, குழந்தைகள் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் மாடிப்படி ஏற வேண்டும், டயப்பர் கட்டிய குழந்தைகள் குளத்தில் இறங்கக் கூடாது, மூன்று நோட்டீஸ் வாங்கினால் வீடு காலி. ரெனாட்டாவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு கொடுத்தேன். கடைக்குட்டி புல்லைத் தொட்டதற்கு ஒன்று, மூத்தவள் எட்டு ஐந்துக்குக் குப்பை கொட்டப் போனதற்கு இன்னொன்று. அவள் சண்டைக்கு வரவில்லை. "கோடையில எட்டு மணிக்கு இங்க வெயிலே இறங்கலையே டுவைட், சூரியனுக்கும் நோட்டீஸ் குடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டாள். ஆனால் புகார் எழுதிப் போட்டிருக்கிறாள்; அடுத்த வாரம் குடித்தனக்காரர் உரிமையைக் கவனிக்கும் அரசு வீட்டுரிமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்காக ஒரு குடித்தனத்துக்குத் தனி விதி போடுவது சட்ட விரோதமாம்.

உங்கள் வக்கீல் ஹார்லன் போட்ஸிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக்கூடப் போடாமல், "விதி தப்பில்லப்பா, அந்த ஒரு வார்த்தைதான் தப்பு. குழந்தைகள்னு வர்ற இடத்துல எல்லாம் குடியிருப்போர்னு போடு, ஒருத்தனாலயும் உன்னை அசைக்க முடியாது" என்றார். கம்ப்யூட்டரில் ஒரே தட்டு தட்டினேன், எல்லாம் மாறிவிட்டது. திரும்பப் படித்துப் பார்க்காமல் ஒட்டியது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலை மாடிப்படி அடியில் வில்பர் ஹாஸ்கே நிற்கிறார். வயது எண்பத்தொன்று. "பெரியவங்க யாராவது கை குடுங்கப்பா, விதி சொல்லுது" என்று கத்துகிறார். பதினொரு வருடமாக அவரோடு பேசாத டோரீன் ப்ரூயிட் இறங்கி வந்து, "எனக்கு எண்பத்துநாலு. நான்தான் பெரியவ, புடி கையை" என்று இழுத்துக்கொண்டு ஏறினாள். குளத்தங்கரையில் அதே வில்பர், இருபது பேர் முன்னால், "நான் டயப்பர் கட்டியிருக்கேனா இல்லையான்னு யார் பார்க்கப் போறது? நீயா?" என்று என்னைக் கேட்டார். சனிக்கிழமை புல்வெளியில் ஓட்டைப் பலகை வைத்து அதற்குள் சோளம் நிரப்பிய சிறு பைகளை எறிந்து விளையாடிய நாலு கிழவர்களுக்கும் நோட்டீஸ். தேவாலயத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்து தின்றுவிட்டு எட்டரைக்கு வந்த பதினொரு பேருக்கும் நோட்டீஸ். என்ன செய்வது, விதி எல்லோருக்கும் பொது என்று வக்கீல் சொல்லியிருக்கிறாரே!

இத்தனைக்கும் பிள்ளைகள் சத்தம் தாங்கவில்லை என்று இரண்டு வருடமாக எனக்கு மனு எழுதியவர்கள் இவர்கள்தாம். இப்போது டோரீன் என் கதவைத் தட்டி, "இது வீடா, ஜெயிலா? புல்லைத் தொடாதேன்னு ஒரு மனுஷிகிட்ட சொல்ல உனக்கு என்ன அதிகாரம்?" என்று கேட்கிறாள். துணிக்கூடையோடு அந்தப் பக்கம் வந்த ரெனாட்டா நின்றாள். "நான் இதையே கேட்டப்போ நல்ல விதின்னு சொன்னீங்களே டோரீன்."

இருந்தாலும் நான் அசையமாட்டேன் அத்தை. ரெனாட்டாவுக்கான மூன்றாவது நோட்டீஸ் தயார். வெள்ளிக்கிழமை காலை அவள் கதவடியில் இருக்கும், மாதக் கடைசியில் வீடு காலி. போக வேறு இடமில்லை என்கிறாள், அது நம் கவலை இல்லை என்று நீங்கள் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறேன்.

பிக்ஸிக்கு என் முத்தங்கள். உங்கள் இடுப்புக்குக் கடவுள் துணை.

உங்கள் சொல் தட்டாத,
டுவைட் கோவால்ஸ்கி

பி.கு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கெயில் டாக்டரிடமிருந்து வந்தாள். பதினைந்து வருடம் காத்திருந்து, இனி பிள்ளை இல்லை என்று விட்டுவிட்டோம். இப்போது நாற்பத்துமூன்று வயதில் அவள் வயிற்றில் இரட்டையாம். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், அத்தை. பிறகு வீட்டுரிமை அலுவலகத்துக்குப் போன் செய்து, "வயித்துல இருக்கிறதுக்கும் இந்தச் சட்டம் உண்டாங்க?" என்று கேட்டேன். "உண்டு சார், வாழ்த்துகள்" என்றாள் அந்தப் பெண். ஒன்றரை வயதுப் பிள்ளை புல்லைத் தொட்டதற்கு நோட்டீஸ் எழுதியதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. தயாராக வைத்திருந்த மூன்றாவது நோட்டீஸைக் கிழித்துவிட்டேன். ரெனாட்டாவின் புகாரில் அவள் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கீழே வில்பர், டோரீன், இன்னும் பதினான்கு பேர். வெள்ளிக்கிழமை நோட்டீஸ் போவது என்னவோ உறுதி. அந்த அலுவலகத்திலிருந்து, உங்கள் ஃப்ளோரிடா விலாசத்துக்கு.