வாசலில் தொங்கிய வல்லாரை வளையம்

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. வாசலில் மலர்வளையம் இருக்கும். வருகிறவர்கள் உட்காரக் கதிரை வந்து இறங்கும். அவ்வளவு போதும். எனக்கும் இது தெரியும். தெரிந்துதான் செய்தேன். (புத்தி அன்றைக்கு லீவு.)

அப்போது உக்குவளையில் ஒரு பூக்கன்றுத் தோட்டத்தில் வேலை. அங்கே முதலாளி நோனா, உயிருள்ள செடிகளை வைத்து உயிர்வளையம் செய்யக் காட்டிக்கொடுத்தார். கம்பியை வட்டமாக வளைக்க வேண்டும். தேங்காய்த் தும்பும் ஈரப் பாசியும் வைத்து, தங்கூசி நூலால் இறுக்கிச் சுற்ற வேண்டும். ஓட்டை போட்டுக் கன்றுகளை நட வேண்டும். வேர் பிடிக்கும் வரை நிலத்தில் படுக்க வைத்து, பிறகு மாட்டலாம். வெளிநாட்டில் வீட்டுக் கதவிலேயே மாட்டுவார்களாம்.

நாவுல பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றார்கள். மாப்பிள்ளையை மாத்தளைச் சந்தையில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? படிப்பு எட்டோடு நின்றது. பேச வாயும் வராது. நம் வளையமாவது பேசட்டும் என்று வல்லாரையும் நடுநடுவே வெள்ளைப் பூச்செடியும் நட்டு, வாசலில் மாட்டினேன்.

பேசியது.

ஆட்டோ வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்தினார். நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன்.

"குமாரு, இறங்காத. யாரோ போயிட்டாங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

என் அம்மா ஓடினாள். "வாங்க, வாங்க!"

"யாரு தவறினது?"

"யாரும் இல்லீங்களே."

"அப்ப அது என்னா?"

"மக செஞ்சதுங்க. அழகுக்கு."

"சாவு வளையம் அழகுக்கா?" அந்தம்மா என் அம்மாவின் கழுத்தை உற்றுப் பார்த்தார். தாலி இருந்தது. நம்பிக்கை வரவில்லை. "வீட்டுக்காரரு எங்க?"

"கதிரை எடுக்கப் போயிருக்காருங்க."

அம்மா உண்மையைத்தான் சொன்னாள். வந்தவர்கள் உட்கார எங்களிடம் கதிரை போதாது. அந்த நேரம் பார்த்து, தெருமுனையில் வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக ஓர் ஆள் வந்தார். தலையில் கதிரைகள். முகம் தெரியவில்லை.

"பாத்தியா, கதிரையும் வருது! தீட்ட மறைச்சுப் பொண்ணு குடுக்கப் பாக்குறாங்க. ஆட்டோவத் திருப்புங்க தம்பி."

கதிரையை இறக்கினார் அந்த ஆள். "வாங்க, நாந்தான் பொண்ணோட அப்பா."

அந்தம்மா அவரைக் கால் முதல் தலை வரை பார்த்தார். "அப்ப போனது யாரு?"

"இன்னும் யாரும் போகலீங்க" என்ற அப்பா, ஜன்னல் பக்கம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இனிமேத்தான்."

ஆட்டோ உறுமியது. கூப்பிடாமல் பெண் வெளியே வரக்கூடாது. வந்தேன். ஆணியிலிருந்து வளையத்தைக் கழற்றி அந்தம்மாவின் மடியிலேயே வைத்தேன்.

"செடிய இழுத்துப் பாருங்க" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். ஒரு கொடி வேரோடு வந்தது. ஈரப் பாசி முழுக்கப் பட்டுச் சேலையில். (முடிந்தது கதை என்று நினைத்தேன்.) மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே திரும்பினார். தோள் குலுங்கியது.

அந்தம்மா இலையை முகர்ந்தார். கிள்ளி மென்றார்.

"வல்லாரையா?"

தலையாட்டினேன்.

"செத்தவங்களுக்கு எவனும் வல்லாரை வைக்க மாட்டான்" என்றார் மகனிடம். அப்படியும் உடனே இறங்கவில்லை. "வீட்டுல மொத்தம் எத்தனை பேரு?"

"மூணு பேருங்க."

விரல் நீட்டி எண்ணினார். பிறகுதான் இறங்கினார்.

கல்யாணம் நடந்தது. வளையமும் என்னோடு வந்தது. இப்போது குசினிக்கு வெளியே தொங்குகிறது. மாமி அதில் கிள்ளித்தான் சம்பல் போடுவார்.

ஆனால் எங்கள் அம்மா வீட்டுக்குப் போனால் மட்டும், இன்றைக்கும் மாமி ஆட்டோவை விட்டு இறங்க மாட்டார். அப்பா வாசலுக்கு வந்து முகம் காட்ட வேண்டும்.

"இருக்கேன் சம்பந்தி" என்பார் அப்பா.

அதற்குப் பிறகுதான் மாமியின் கால் தரையில் படும்.