மாமனார் போட்ட வாட்ச் ஒரிஜினல்தான்

என் பேச்சில் பொய் இருக்கலாம். என் பொருளில் போலி இருக்காது. இந்தத் திமிரால்தான் மாட்டிக்கொண்டேன்.

கல்யாணத்தில் மாமனார் என் கையில் கட்டிவிட்ட வெளிநாட்டு வாட்ச்சை, போன வருடம் மனைவி சுதாவுக்குத் தெரியாமல் ஆன்லைனில் விற்றேன். நடந்தால் காலடியை எண்ணிச் சொல்லும் புது வாட்ச் ஒன்றின் மேல் ஆசை. (நடக்கவா போகிறேன்? சும்மா ஓர் ஆசைதான்.) சுதாவிடம், "சர்வீசுக்குக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவைத்தேன்.

வாங்கியவர் காந்திபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சலீம் பாய். நான்காம் நாள் போன் செய்தார்.

"ஏனுங்க, இது டூப்ளிகேட்டுன்னு வாட்ச் கடையில சொல்றாங்க. திருப்பி எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். டூப்ளிகேட் என்ற சொல் என்னைக் கிளப்பிவிட்டது. அரைமணி நேரத்தில் அவர் கடையில் நின்றேன். புடவை எடுக்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, "வாங்கிக் குடுத்தவரையே கேக்கலாமுங்க!" என்று காரமடையில் இருக்கும் மாமனாருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"மாமா, கல்யாணத்துக்கு நீங்க போட்ட வாட்ச் ஒரிஜினல்தானுங்களே?"

"ஏனுங் மாப்ள, இப்படிக் கேட்டுப்போட்டீங்க? பில்லுகூடப் பத்திரமா வெச்சிருக்கேனுங்க."

"கேட்டீங்களா!" என்று மேசையைத் தட்டினேன்.

பாய் போன் பக்கம் குனிந்து பணிவாகச் சொன்னார்: "அப்ப அந்தப் பில்லைக் கொஞ்சம் அனுப்பிவிடுங்க. உங்க மாப்ள எனக்கு வித்துப்போட்ட வாட்ச்சுங்க இது."

மாமனார் கடை எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அப்புறம், "நானே எடுத்துட்டு வாரேனுங்க."

வந்தார். வழியில் சுதாவையும் ஏற்றிக்கொண்டு வந்தார். பெட்டியும் பில்லும் மேசைக்கு வந்தன. பில்லில் இருந்த நம்பரும் வாட்ச்சின் முதுகில் இருந்த நம்பரும் ஒன்று. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். என்னைத் தவிர யாருக்கும் அதில் சந்தோஷமில்லை.

பாய் சங்கடப்பட்டு, "நீங்களே வெச்சுக்கங்க" என்று மாமனாரிடம் வாட்ச்சை நீட்டினார்.

"வேண்டாமுங்க. உங்க கைக்குத்தான் எடுப்பா இருக்குது."

சுதா என்னைப் பார்த்தாள். "சர்வீஸ் நல்லாப் பண்ணியிருக்காங்க."

அன்று மாலையே பாய், வாட்ச்சை விற்ற ஆன்லைன் தளத்தில் என் கணக்குக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு இரண்டு வரி எழுதினார்: "வாட்ச் ஒரிஜினல். மாமனார் தங்கமான மனுசர்."

இப்போது வீட்டில் காதுகுத்தோ கெடாவெட்டோ, சாப்பிட்டு முடித்ததும் மச்சினன் போனை எடுத்து அதைச் சத்தமாக வாசிக்கிறான். சொந்தபந்தம் மொத்தமும் சிரிக்கும். நான் தலை குனிவதில்லை.

"நட்சத்திரம் யார் கணக்குல விழுந்திருக்குதுன்னும் சேர்த்துப் படிடா" என்கிறேன்.