உங்கள் தம்பியைக் கூட்டிக்கொண்டு போக வரும்போது

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுத வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன். அங்கே உங்கள் முழங்கால் வலியும் உங்கள் வீட்டுக்காரரின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நிற்க.

போனில் நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். "அவனுக்கு ஒண்ணுமில்ல, உனக்குத்தான் பொறுமை பத்தல, என்கிட்ட விடு, ஒரே மாசத்துல ஆளை நிமித்திக் காட்டுறேன்" என்றீர்கள். சரி அண்ணி, சம்மதம். ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து கூட்டிக்கொண்டு போங்கள். துணிமணி, மாத்திரை, முகச்சவர சாமான் எல்லாம் பையில் வைத்துவிட்டேன். கோபத்தில் எழுதவில்லை. எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு, ஒரு நாளாவது அசந்து தூங்க வேண்டும் போலிருக்கிறது. அவருக்கு ஒன்றுமில்லை என்று நீங்கள் சொல்வதற்குக் காரணம் அவர் போனில் நன்றாகப் பேசுவதுதான். நன்றாகத்தான் பேசுகிறார். நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்க, அங்க மழையா, உடம்பைப் பாத்துக்க என்பார். போன வாரம் யாரோ தப்பாக நம்பர் போட்டுவிட்டார்கள், அவர்களிடமும் இதையேதான் பேசினார். அந்த மனுஷன் கண் கலங்கி, தன் சொந்த அண்ணன்கூட இப்படி விசாரித்ததில்லை என்று சொல்லி வைத்தார்.

நீங்கள் போன தடவை வந்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனது எனக்குத் தெரியும். உங்கள் தம்பி ஆலை கேட்டில் காவலுக்கு இருந்தவர். வெளியே போகிறவர்கள் பையைத் திறந்து பார்த்து அனுப்புவதுதான் ஆயுசுக்கும் அவர் பார்த்த வேலை. இப்போது வீட்டு வாசலை அந்தக் கேட்டு என்று நினைத்துக்கொள்கிறார். பால்காரர், கேஸ் கொண்டு வருகிறவர், நான், யாரானாலும் பையைக் காட்டாமல் தாண்ட முடியாது. நாமாகவே திறந்து காட்டிவிட்டால் ஒரு சல்யூட் வைத்து விட்டுவிடுவார். நீங்கள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் உன் அக்காடா" என்று கத்தினீர்கள். கேட்டில் பிடிபட்ட எல்லாருமே யாருக்காவது அக்கா தங்கச்சிதானே அண்ணி, அவர் எப்படி விடுவார். பைக்குள் இருந்து எங்கள் வீட்டு எவர்சில்வர் டப்பா இரண்டும் மெத்தை விரிப்பும் வந்தது பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. நானே கொடுத்திருப்பேன். கொடுத்த ஞாபகம் இல்லை, எனக்கும் மறதி ஆரம்பமோ என்னவோ.

ஆனால் என் மறதி வேறே, அவர் மறதி வேறேயாம். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடினால் அது வயசு. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதுக்கு என்று கேட்டால் அது மூளையில் வருகிற நோவு என்று டாக்டரம்மா சொன்னார்கள். அழுத்தமும் இல்லை, திமிரும் இல்லை, திட்டினால் சரியாகிற சமாச்சாரமும் இல்லை. அதனால் உங்கள் வீட்டுக்கு வந்ததும் எதிரில் உட்கார வைத்து "நான் யாரு சொல்லு, இது என்ன கிழமை சொல்லு" என்று பரீட்சை நடத்தாதீர்கள். பதில் தெரியாதபோது அவர் சிரித்துச் சமாளிப்பார். சிரித்து முடித்த பிறகு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருப்பார், அதை உங்களால் பார்க்க முடியாது. நீங்களே முந்திக்கொண்டு, உன் அக்கா வந்திருக்கேன்டா என்று சொல்லிவிடுங்கள். ஹாலில் இருக்கிற பீரோ கண்ணாடியைத் துணி போட்டு மூடுங்கள். அதில் தெரிகிற வயசானவர் யாரோ என்று இவர் எழுந்து நின்று நாற்காலி கொடுப்பார், அந்த ஆள் உட்காரவும் மாட்டார், இவரும் உட்கார மாட்டார். பொழுது சாயும்போது ஷிப்டுக்கு நேரமாச்சு என்று பரபரப்பார். ரிட்டையர் ஆயிட்டீங்க என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், தினமும் புதுசாக வேலை போன மாதிரி இடிந்துபோகிறார். செருப்பை மாட்டிக் கையைப் பிடித்துத் தெருமுனை வரை நடத்திக்கொண்டு போய், இன்னிக்கு லீவு விட்டுட்டாங்களாம் என்று திருப்பிக் கூட்டி வாருங்கள். சந்தோஷமாக வருவார். சட்டைப்பையில் உங்கள் போன் நம்பர் எப்போதும் இருக்கட்டும்.

குளிக்க வைப்பதுதான் பெரும்பாடு. அந்நியப் பொம்பளை முன்னால் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறார். அந்த அந்நியப் பொம்பளை நான்தான். நானும் முதலில் மல்லுக்கட்டினேன், நான்தாங்க உங்க பொண்டாட்டி என்று அழுதேன். பொய் சொல்லிப் பிடிபட்டவளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பாவமாகப் பார்த்தார். அதோடு விட்டுவிட்டேன். இப்போது தண்ணீரை வெதுவெதுப்பாக நிரப்பி வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று துண்டை மட்டும் நீட்டுகிறேன். வெளியே வந்து, "உங்களுக்கு ரொம்ப சிரமம்மா, என் வீட்டுக்காரி வரட்டும், உங்களைப் பத்தி நல்லபடியா சொல்றேன்" என்பார். எப்படிப்பட்டவங்க உங்க வீட்டுக்காரி என்று ஒரு நாள் வாயைக் கிளறினேன். "கெட்டிக்காரி. கொஞ்சம் வாய் ஜாஸ்தி. ஆனா அவ இல்லாட்டி நான் இல்ல" என்றார். கூட வாழ்ந்த காலமெல்லாம் என் சாப்பாட்டைக்கூட நல்லா இருக்கு என்று சொல்லாத மனுஷன் அண்ணி. போய் அடுப்படியில் நின்றுகொண்டேன். ஆள் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது எப்படி அழுவது என்று தெரியவில்லை. அழுதால், குத்துக்கல்லாட்டம் இருக்கிறவருக்கு ஏன் அழறே என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். போனவர் போய்விட்டார், அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு நல்ல மனுஷர் இங்கே தங்கியிருக்கிறார் என்று எப்படி விளக்குவேன்.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். அவர் ஒரு நாள் உங்களைத் திட்டினால் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், திட்டுவது நோவு. இன்னொரு நாள் கையைப் பிடித்துக்கொண்டால் அதை மட்டும் அவர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நெடுநெடுவென்று வளரட்டும். ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்கு முன்னால் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி

பின்குறிப்பு: எழுதியதைத் தப்பு இருக்கிறதா என்று சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். முடித்ததும், "யாரும்மா அந்த ஆளு?" என்றார். ஒரு பெரியவருங்க, உடம்பு சரியில்லை என்றேன். "சொந்த வீட்டை விட்டு அனுப்பறாங்களா?" என்றார். வீட்டுக்கார அம்மாவுக்கு முடியலைங்க, அவங்களும் பாவம் என்றேன். காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார், "அந்தாள எங்கயும் அனுப்ப வேணாம்னு எழுது. இங்க நம்மகிட்ட வந்து இருக்கட்டும். ரெண்டு பேருமாப் பாத்துக்குவோம்."

வீட்டு ஆம்பளை ஒரு முடிவு எடுத்துவிட்ட பிறகு நான் என்ன செய்ய முடியும் அண்ணி. பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டேன். காரைத் திருப்பி அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் வந்து ஒரு மாசம் இருங்கள். அந்தப் பெரியவரைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டு பேர் போதாது.