கிளவுடில் ஸ்டாக் எடுத்த அண்ணாச்சி

உலகத்திலேயே கிளவுடை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேஷுவல் லீவு போட்ட ஒரே மனிதர் எங்கள் ஸ்டாக் அண்ணாச்சிதான். வேறு யாராவது போட்டிருந்தால் சொல்லுங்கள், நான் எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன்.

மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் நான் லைப்ரரியன். அண்ணாச்சி அட்டெண்டர். தாராவியில் வீடு, வாயைத் திறந்தால் திருநெல்வேலி. சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் பிரின்சிபால் முதல் கேன்டீன்காரர் வரை எல்லாருக்கும் அவர் ஸ்டாக் அண்ணாச்சி. வருஷா வருஷம் மே மாதம் பரீட்சை முடிந்ததும் நூலகத்தை மூடி ஸ்டாக் எடுப்போம். மற்ற ஊழியர்கள் புத்தகத்தின் முதுகைப் பார்த்து டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அண்ணாச்சி அப்படியில்லை. ஒவ்வொன்றையும் உருவி, முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம் மூன்றையும் பார்த்த பிறகுதான் ரிஜிஸ்டரில் 'உள்ளது' என்று எழுதுவார்.

"முதுகு இருந்தா உள்ள புக்கு இருக்குன்னு என்ன மேடம் கேரண்டி?" என்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் நூலகம் கிளவுடுக்குப் போனது. கேட்லாக், பாடப் புத்தகங்கள், பழைய வினாத்தாள்கள் எல்லாம் எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் இருக்கும். மழையில் ரயில் நின்றாலும் தூரத்து விக்ரோலியில் இருக்கிற பையன்கூட வீட்டில் உட்கார்ந்து போனிலேயே படித்துக்கொள்ளலாம். கம்பெனிக்காரர் வந்து இதையெல்லாம் விளக்கினார். எல்லாரும் தலையாட்டினோம். அண்ணாச்சி மட்டும் கை தூக்கினார்.

"அந்தக் கம்ப்யூட்டரு எங்க இருக்கு?"

கம்பெனிக்காரர் மழுப்பிப் பார்த்தார். அண்ணாச்சி விடுவதாக இல்லை. கடைசியில், நவி மும்பைப் பக்கம் ஒரு கட்டடம் என்று அவர் வாயிலிருந்து வந்தது. மறுநாளே லீவு லெட்டர் என் மேஜையில் இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'கிளவுடு பார்க்க' என்று எழுதியிருந்தார்.

"பார்த்தீங்களா அண்ணாச்சி?" என்று அடுத்த நாள் கேட்டேன்.

"வாட்ச்மேன் உள்ள விடல மேடம். வெளிய சுத்தி வந்து பாத்தேன். பெரிய ஏசி, ஜெனரேட்டரு ரெண்டு. வாசல்ல சொட்டுத் தண்ணி தேங்கல. நம்ம பில்டிங்குக்குத் தேவல."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். எல்லாம் கிளவுடில் இருக்கிறதே, இனி அட்டெண்டர் எதற்கு, மாசக் கடைசிக்குள் ஒரு நோட் எழுதிக் கொடுங்கள் என்றார். அண்ணாச்சிக்கு ரிட்டயராக இன்னும் நாலு வருஷம் இருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். 'அட்டெண்டர் பணியிடம் இனித் தேவையில்லை' என்று நன்றாக டைப் அடித்து, நூலக அக்கவுண்டிலேயே போட்டு வைத்தேன். பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் பாக்கி. இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வாரமே அண்ணாச்சி வந்து நின்றார்.

"மேடம், இந்த வருஷம் கிளவுடுல ஸ்டாக் எப்ப?"

"அதுல எதுக்கு ஸ்டாக்? யாரும் திருட முடியாது."

"திருட வேண்டாம் மேடம். கம்பெனிக்காரவியளே குடுக்காம விட்டிருந்தா?"

மே வரட்டும் என்றேன். லைப்ரரியை மூட வேண்டியதில்லையே, இப்பவே எடுக்கலாமே என்றார். ஆளை விட்டால் போதும் என்று லாகினைக் கொடுத்துவிட்டேன்.

மூன்று நாள் மூலைக் கம்ப்யூட்டரை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம் பார்ப்பதும், ரிஜிஸ்டரில் எழுதுவதுமாக இருந்தார். மூன்றாம் நாள் மதியம் கல்லூரி முழுவதற்கும் கிளவுடு மூடிக்கொண்டது. பரீட்சைக்கு ஐந்தே நாள். "மேடம், புக் ஓப்பனே ஆகல்லே, நான் ஃபெயில்தான்" என்று மாஹிமிலிருந்து ஒரு பெண் போனில் அழுதாள். என் போன் ஓயவேயில்லை.

கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. உங்கள் அக்கவுண்டில் ஏதோ ஓர் இயந்திரம் புகுந்து, ஒரே சீரான வேகத்தில் எல்லாப் புத்தகங்களையும் திறக்கிறது, மனிதர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள், திருட்டு என்று சந்தேகப்படுகிறோம், அதனால் நிறுத்திவிட்டோம் என்றது.

பிரின்சிபால் மெயிலோடு நேரில் வந்துவிட்டார். "ரோபோ கோன் ஹை?" என்றார், யார் அந்த ரோபோ என்று.

நான் மூலையைக் காட்டினேன். ரோபோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"நான் ரோபோ இல்லைன்னு டிக் போடு, டிக் போடுன்னு அதுவும் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு மேடம். டிக் போடுதது நமக்குப் பழக்கந்தானே, போட்டுட்டே இருந்தேன்."

பிரின்சிபாலுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த நோட் இன்றைக்கே வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அண்ணாச்சி நிதானமாக ரிஜிஸ்டரை என் முன்னால் வைத்தார்.

"திட்டுததுக்கு முன்னாடி இதப் பாத்துருங்க."

பார்த்தேன். முப்பத்தேழு புத்தகங்கள் அட்டை மட்டும்தான், உள்ளே ஒன்றுமே இல்லை. ஒன்பது புத்தகங்கள் பாதியில் நின்றிருந்தன. அதில் ஒன்று, பி.காம் கடைசி வருஷத்துக்காரர்கள் எல்லாரும் படிக்கிற புள்ளியியல் புத்தகம். கடைசி நாலு பாடம் காணோம். பிள்ளைகள், அவ்வளவுதான் புத்தகம் போலிருக்கிறது என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எங்களில் ஒருத்தரும் முதல் பக்கத்தைத் தாண்டிப் பார்த்ததில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டு ரிஜிஸ்டரை வரி வரியாக வாசித்தேன். பத்தாவது வரியில் போனை எடுத்த மேனேஜரின் குரல் இறங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் கிளவுடு திறந்தது, காணாமல் போன பாடங்களும் வந்து சேர்ந்தன. மாஹிம் பெண் போன் செய்து, மேடம் புதுசா நாலு சாப்டர் வந்திருக்கே, இதையும் படிக்கணுமா என்று திரும்பவும் அழுதாள்.

எல்லாரும் போன பிறகு அண்ணாச்சியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க போஸ்ட் வேண்டாம்னு நான் ஒரு நோட் எழுதி வச்சிருக்கேன்."

"தெரியும் மேடம். அதே அக்கவுண்ட்லதானே வச்சிருக்கிய. மொத நாளே கண்ணுல பட்டுச்சு."

"தெரிஞ்சுமா மூணு நாள் உட்கார்ந்து பார்த்தீங்க?"

"பாதியில விட்டா அது ஸ்டாக்கா மேடம்?" என்று ரிஜிஸ்டரின் முதல் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். வரிசை எண் போட்டு என் நோட்டையும் அதில் சேர்த்திருந்தார். பக்கம்: ஒன்று. உள்ளது. அதற்குப் பக்கத்தில், குறைபாடு என்ற கட்டத்தில்: கையெழுத்து இல்லை.

"கையெழுத்து இல்லன்னதும் எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. சரி, மேடம் இன்னும் யோசிக்காவன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் எதிரிலேயே அந்த நோட்டை அழித்தேன். கிளவுடு வந்த பிறகுதான் அட்டெண்டர் கட்டாயம் தேவை என்று புது நோட் எழுதி, கையெழுத்துப் போட்டு, பிரின்சிபால் கையில் கொடுத்தேன். அண்ணாச்சி இன்றும் வேலையில் இருக்கிறார்.

உண்மையில் நான் யோசித்துக்கொண்டெல்லாம் இருக்கவில்லை. பிரின்டரில் மை தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். என்னை அவ்வளவு நல்லவளாக நினைத்த மனுஷரிடம் அதைச் சொல்ல எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை.