முதுகுல யாரு?

“இன்னிக்குப் பூரா புள்ளைய நான் தூக்கறேன்” என்று சொன்னேன். பவானி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவள் அதிர்ந்ததில்லை. எனக்குப் பிரமோஷன் வந்துவிட்டது என்று ஓடி வந்து சொன்னபோதுகூட, “வர்ற வழியில பால் வாங்கினீங்களா?” என்றுதான் கேட்டாள். இன்று கரண்டியே விழுந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“என்னா மாமா, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“ஏன், பெத்த அப்பன் தூக்கக் கூடாதா?”

“தூக்கலாம். பொறந்ததுலேருந்தே தூக்கியிருக்கலாம். இன்னிக்கு என்னா விசேஷம்னுதான் கேக்கறேன்.”

விசேஷம், சிதம்பரத்துத் தேர். 2009 மார்கழி. கடலூர் செம்மண்டலத்திலிருந்து நாங்களும் பக்கத்து வீட்டு ஜான்சியும் ஒரே பஸ்ஸில் கிளம்புவதாக ஏற்பாடு. ஜான்சியின் அக்கா ஜெயராணிக்குச் சிதம்பரத்தில் வண்டிகேட் பக்கம் வீடு. அங்கே இறங்கி, சாப்பிட்டு, சாவகாசமாகத் தேர் பார்க்கலாம் என்று பெண்கள் திட்டம் போட்டிருந்தார்கள்.

என் திட்டம் வேறு. உங்களிடம் சொன்னால் என்ன, பவானி கதையெல்லாம் படிக்க மாட்டாள். போன மாதம் எனக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது என்றார்கள். அன்றோடு வீட்டில் சர்க்கரை இல்லை. காப்பி கசப்பு. டீ கசப்பு. வரப்போகிற பொங்கலுக்கும் வெண்பொங்கல்தான் என்று இப்போதே அறிவித்துவிட்டாள். கனவில்கூட எனக்குப் பாகற்காய்தான் வந்தது.

சிதம்பரம் கீழ வீதியில் ஒரு ஸ்வீட் ஸ்டால் இருக்கிறது. அங்கே நெய் அல்வா இலையில் நிற்காது, வழுக்கும். அதைத் தின்றாக வேண்டும். பவானி என்னைத் தனியாக விடமாட்டாள். ஆனால் பிள்ளையைச் சுமந்துகொண்டு போகிற அப்பனை எந்தப் பெண்டாட்டி சந்தேகப்படுவாள்? அதிலும் என் மகனுக்கு ஒரு அபூர்வ குணம் உண்டு. பேர் செந்தமிழ்செல்வன், நான் ஆசையாக வைத்தது. ஒன்றேகால் வயதாகிறது, இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. பசித்தால் ‘ங்ஙே’, சிரித்தால் ‘ங்ஙே’. இதைவிட நம்பகமான கூட்டாளி எனக்கு எங்கே கிடைப்பான்?

சுமப்பதற்குச் சாமான் தயாராக இருந்தது. பவானியின் அண்ணன் திருநாவுக்கரசு சிங்கப்பூரிலிருந்து ‘பேபி கேரியர்’ அனுப்பியிருந்தான். எனக்குத் தெரிந்த கேரியர் ரெண்டே ரெண்டுதான். ஒன்றில் சோறு வைப்போம், இன்னொன்றில் பெண்டாட்டியை வைப்போம். இது பிள்ளையை வைப்பதற்காம். மெத்துமெத்தென்று ஒரு துணிப்பை, பட்டைகள், கிளிப்புகள், வெயில் படாமல் இருக்கத் தலைக்கு ஒரு முக்காடு. பிள்ளையை முதுகில் வைத்துக் கட்டிக்கொண்டால் ரெண்டு கையும் சும்மா இருக்கும். அல்வாவுக்கு ஒரு கை போதும்.

ஜெயராணி வீட்டில் சாப்பாடு முடிந்தது. உள்ளறையில் வெளிச்சம் கம்மி. பாயில் ரெண்டு மொட்டைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்று என் மகன், திருவந்திபுரத்து மொட்டை. இன்னொன்று ஜான்சியின் மகள் ஸ்டெல்லா, வேளாங்கண்ணி மொட்டை. ரெண்டு தலையிலும் சந்தனம்.

“குனிங்க மாமா” என்றாள் பவானி.

குனிந்தேன். கல்யாணத்தில் ஆரம்பித்தது, பழக்கம்தான்.

“திரும்பாதீங்க. திரும்புனா புள்ள விழுந்துரும்.”

திரும்பவில்லை. முதுகில் பொத்தென்று ஏதோ இறங்கியது. பட்டையை இழுத்தாள், கிளிப்பை மாட்டினாள், முக்காட்டைப் போட்டாள்.

“என்னாடி, ஒரே வாரத்துல இவ்ளோ வெயிட்டு ஏறிட்டான்?”

“நீங்க தூக்குனாதான தெரியும்? போயிட்டு வாங்க. பத்திரம்!”

இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாளே என்று எனக்கே அதிர்ச்சி. அவள் மனசு மாறுவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டேன்.

கீழ வீதியில் தலைகளைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு அதிசயம். முதுகில் பிள்ளையோடு ஓர் ஆம்பிளையைப் பார்த்ததும் ஜனங்கள் தேருக்கு வழிவிடுவதுபோல எனக்கும் வழிவிட்டார்கள். ஓர் அம்மா தன் புருஷனை இடித்து, “பாருய்யா, அவரும் ஆம்பளதான்” என்றாள். அந்தப் புருஷன் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி வெந்துவிட்டேன்.

அப்போதுதான் முதுகு அசைந்தது. காதோரம் ஒரு குரல்.

“மாமா.”

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். என் மகன் பேசிவிட்டான்! உடம்பெல்லாம் புல்லரித்தது. மறு நிமிஷமே திக்கென்றது. பெத்த அப்பனை மாமா என்கிறானே!

“டேய், அப்பா சொல்றா கண்ணு. அப்...பா.”

“மாமா!”

பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளை முறைத்துவிட்டு யோசித்தேன். பவானி நாளெல்லாம் என்னை மாமா, மாமா என்று ஏலம் போடுகிறாள். பிள்ளை வேறு எதைக் கற்றுக்கொள்ளும்? தப்பு அவள்மேல். வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன்.

ஸ்வீட் ஸ்டால் வாசலில் எங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்ட் சடையப்பன் சார் நின்றுகொண்டிருந்தார். அந்த மனுஷனுக்கு எதையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட வராது. முக்காட்டுக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“வைத்திலிங்கம், சந்தேகமே இல்லய்யா. உம்ம மூக்கு, உம்ம நெத்தி. உரிச்சு வச்சிருக்கு!”

“எல்லாரும் அதான் சார் சொல்றாங்க” என்றேன். நெஞ்சு ரெண்டு அங்குலம் விரிந்ததில் கிளிப்பு இறுக்கியது.

அவர் நகர்ந்ததும் உள்ளே நுழைந்தேன். அல்வா வந்தது. கண்ணை மூடி ஒரு வாய். ஆகா! ஒரு மாத வனவாசம் முடிந்தது. இன்னொன்று சொன்னேன். அப்புறம் இன்னொன்று.

“வேணும்” என்றது முதுகு.

ஒரே நாளில் ரெண்டாவது வார்த்தை! பச்சைப் பிள்ளைக்கு ஞானம் வந்த சீர்காழி பக்கத்தில்தானே இருக்கிறது, அந்தக் காற்று பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு விள்ளல் எடுத்துத் தோளுக்கு மேலே நீட்டினேன்.

“ஆஆ!”

இது நான் போட்ட சத்தம். அல்வாவோடு விரலையும் சேர்த்துக் கடித்துவிட்டது. என் மகனுக்குப் பல் மேலே ரெண்டு, கீழே ரெண்டுதான். இந்தக் கடியில் ஒரு முழு செட்டே இருந்தது. பல் எப்போது முளைத்தது? அடப்பாவி, நான் பெத்த பிள்ளையைக் கவனிக்காமல் இருந்துவிட்டேனா?

விரலை உதறிக்கொண்டே தலை நிமிர்ந்தேன். எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் நான். என் தோளில், முக்காடு விலகி, ஒரு மொட்டைத் தலை. சந்தனம் சரி. வாயோரம் அல்வா சரி. காதில் கம்மல். கழுத்தில் மெல்லிசாக ஒரு சங்கிலி, அதில் குட்டியாக ஒரு சிலுவை.

வண்டிகேட்டில் ஏற்றும்போது ஆம்பிளைப் பிள்ளை. கீழ வீதிக்கு வருவதற்குள் பெண்ணாகி, காதும் குத்தி, மதமும் மாறிவிட்டது! கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். அது என்னைப் பார்த்து, “மாமா, இன்னும்” என்றது.

ஸ்டெல்லா!

அப்படியானால் என் பிள்ளை எங்கே? இலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஜான்சி இந்நேரம் பிள்ளையைக் காணோம் என்று ஊரைக் கூட்டியிருப்பாள். மைக்கில் அறிவிப்பு வரும். பிள்ளை பிடிக்கிறவன் என்று என்னை உரித்துவிடுவார்கள்.

பாதி வழியில் என் கால் நின்றது. இந்தப் பிள்ளையை ஏற்றியது யார்? நானா? பவானி! ரெண்டு மொட்டையில் எது தன் மொட்டை என்று பெத்த தாய்க்கே தெரியவில்லை! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஒரு தப்புச் செய்திருக்கிறாள். அல்வாவைவிட இது இனித்தது. குழாயடியில் வாயைக் கழுவினேன், மீசையைத் துடைத்தேன், ஸ்டெல்லாவின் வாயையும் துடைத்தேன். சிங்கம்போல ஜெயராணி வீட்டுக்குள் நுழைந்தேன்.

“பவானி! இங்க வா! இது யாரு புள்ள?”

பவானி காப்பி ஆற்றிக்கொண்டே நிமிர்ந்தாள். “ஸ்டெல்லா. ஏன் மாமா?”

“ஏ...ஏனா? உனக்குத் தெரியுமா?”

“நான்தான ஏத்தி விட்டேன்?”

சிங்கம் தூணைப் பிடித்துக்கொண்டது. ஜான்சி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உள்ளறை வாசலில் என் மகன் நிம்மதியாக ஒரு முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“தேர் பாத்தீங்களா மாமா?”

“பாத்தேனே! நல்ல தரிசனம். புள்ளைக்குக்கூடத் தூக்கிக் காட்டினேன்.”

“முதுகுல இருந்த புள்ளைய எப்படித் தூக்கிக் காட்டினீங்க?”

“அது வந்து... நானே எம்பி எம்பிக் காட்டினேன்.”

பவானி எழுந்து வந்து கிளிப்பைக் கழற்றி ஸ்டெல்லாவை இறக்கினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு கன்னத்தைத் தடவினாள். ஸ்டெல்லாவுக்கு ரெண்டு வயதுதான். வாய்க்கு மட்டும் எட்டு வயது.

“மாமா உன்ன எங்கடி கண்ணு இட்டுக்கிட்டுப் போனாரு?”

“புள்ள பாவம், தூக்கம் வருது, விடு” என்றேன்.

“கடைக்கி” என்றாள் ஸ்டெல்லா.

“கடைல மாமா என்னா பண்ணாரு?”

“அல்வா. மாமா தின்னுச்சி. ஒண்ணு. இன்னும் ஒண்ணு. இன்னும் ஒண்ணு. எனக்குத் துளி.” அந்தத் துளி எவ்வளவு என்பதைக் கட்டைவிரல் நுனியில் காட்டினாள்.

என் மகன் முறம் தட்டுவதைக்கூட நிறுத்திவிட்டான்.

“பவானி, குழந்த பேச்ச நம்பி...”

“நீங்க புள்ள தூக்கறேன்னு சொன்னப்பவே நெனச்சேன்” என்றாள் பவானி, காப்பியை என் கையில் கொடுத்தபடி. சர்க்கரை இல்லாத காப்பி. “நம்ம புள்ளைய அனுப்புனா எனக்கு யாரு வந்து சேதி சொல்றது? அதான் பேசற புள்ளைய அனுப்புனேன்.”

எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. உட்கார்ந்தேன். அந்த வீட்டில் இருந்த பெண்கள் எல்லோரும், ரெண்டு வயது உட்பட, எனக்கு எதிராக ஒரே கட்சி. மிச்சம் இருந்த ஆண்பிள்ளை ஒருத்தன்தான். அவன் முறத்தைப் போட்டுவிட்டுத் தத்தித் தத்தி என்னிடம் வந்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீ ஒருத்தன்தான்டா அப்பனக் காட்டிக் குடுக்காதவன்” என்று வாரி எடுத்தேன்.

அவன் என் மீசையை முகர்ந்தான். உதட்டைக் குவித்தான். வாய் மெல்லத் திறந்தது.

“அ...”

“பவானி! பேசறான்! ‘ங்ஙே’ இல்ல, ‘அ’! அப்பான்னு சொல்லப் போறான்!”

எல்லோரும் ஓடி வந்து சுற்றி நின்றார்கள். செந்தமிழ்செல்வன் தன் முதல் வார்த்தையைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னான்.

“அல்வா.”