ஓட்டை வழியாகப் பார்த்தவர்

வடையைச் சாப்பிடுகிறவர்களை ஹைதராபாத் முழுக்கப் பார்க்கலாம். வடையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்து, "தேவலை, இன்னிக்கு இது புரதந்தான்" என்று பாஸ் போட்ட மனிதர் பூமியில் ஒருவரே. எங்களுக்கு அவர் வடை டாக்டர்.

ஏ.எஸ்.ராவ் நகர் போகும் வழியில், ஓர் ஆராய்ச்சிக்கூட வாசலில் என் டிபன் கடை. டாக்டர் உள்ளே பாக்டீரியாவில் இருக்கும் ஒரு பொடிப் புரதத்தை ஆராய்ந்தார். ஹெச்.எஃப்.க்யூ என்று பெயர். மழை வருமா என்று கேட்டாலும் அதில்தான் கொண்டுபோய் முடிப்பார்.

"ஒரே மாதிரி ஆறு துண்டு வட்டமா ஒட்டிக்கிடும் தாயி. நடுவுல ஓட்டை. அச்சு உங்க வடைதான்" என்பார் அந்தத் திருநெல்வேலிக்காரர். ஒருநாள் அவசரத்தில் ஓட்டை போட மறந்தேன். "இது புரதம் இல்ல, போண்டா" என்று தட்டோடு திருப்பிவிட்டார்.

பிறகு இடியாப்பத்தில் இரண்டு இழை உருவி, வடைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று வைப்பார். வரிசை காத்திருக்கும்.

"கிருமிக்குள்ள ஆர்.என்.ஏ. நூல் நூலா அலையும். நீளமானது, ‘இன்ன புரதத்தைச் செய்யி'ன்னு உத்தரவு. குட்டை நூலு அதை அடக்குத ஆளு. ரெண்டும் தானாச் சந்திக்கதுக்குள்ள விடிஞ்சிரும். வடை ஒரு முகத்துல இதைப் பிடிக்கும், மறுமுகத்துல அதைப் பிடிக்கும், பக்கத்துல கொண்டாந்து விடும். ரெண்டும் பின்னிக்கிடும். உத்தரவு கப்சிப்."

"கல்யாணம் ஆனா வாய் மூடிரும்ங்கிறீங்க" என்றார் செக்யூரிட்டி அண்ணன்.

"அப்புறம் வடை?" என்றேன் நான்.

"கழண்டு அடுத்த சோடிக்குப் போயிரும். சாப்பாட்டுக்குக்கூட நிக்காது."

வெறுங்கை பட்டால் ஆர்.என்.ஏ. அழிந்துவிடுமாம். அதனால் பஸ்ஸிலும் கையுறையோடுதான் வருவார். உறைபோட்ட விரலைப் போன் மதிக்காது. மூக்கு நுனியால் தட்டித்தான் எனக்குக் காசு அனுப்புவார்.

அதே கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளை ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்தவர் முருகேசன். என்னைப் போலவே தாத்தா காலத்திலிருந்து செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம். என்னைப் போலவே நாற்பதைத் தாண்டியும் தனி. வருஷக்கணக்காக அவர் என்னிடம் சொன்னது "சக்கரை கம்மி" ஒன்றுதான். நான் சொன்னது "சரி". அந்தச் "சரி"யை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று வீட்டில் பழகிப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை செக்யூரிட்டி அண்ணன் சொன்னார்: திங்கள் முதல் முருகேசனுக்குப் பாலாநகர் ஃபேக்டரியில் வேலை, இன்றோடு சரி. முருகேசன் டீக்கு மேல் டீயாகக் குடித்துக்கொண்டு நின்றார். சர்க்கரையைப் பற்றிக்கூட வாய் திறக்கவில்லை. நான் கழுவிய டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வந்தார். "இடியாப்பம் தீந்துபோச்சா? சரி, ஆளை வச்சே செஞ்சிருவோம்." பையிலிருந்து எங்கள் இருவருக்கும் கையுறை கொடுத்தார். "தாயி, நீங்க உத்தரவு. முருகேசா, நீ குட்டை நூலு. நான் வடை."

இந்தப் பக்கம் என் கையை, அந்தப் பக்கம் முருகேசன் கையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் நின்று ஆறு துண்டையும் விளக்கினார். அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்தது. யாரும் அணைக்கவில்லை. கடைசியில் என் கையை முருகேசன் கைமேல் வைத்தார். "பின்னிக்கிட்டாச்சு. இனி வடைக்கு இங்க சோலி இல்ல." திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்குள் போய்விட்டார்.

வரிசை மொத்தமும் எங்களையே பார்த்தது.

"கழட்டட்டுமா?" என்றார் முருகேசன். உறையையா, கையையா, தெரியவில்லை.

வேண்டாம் என்று தமிழில் சொல்ல வெட்கமாக இருந்தது. "நக்கோ" என்றேன்.

"ஹவ்" என்றார் அவர். இந்த ஊரில் ஆமாம் என்பதற்கு அதுதான்.

கல்யாணத்துக்கு டாக்டர் வந்தார், கையுறையோடு. அட்சதை போட்டார். சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. சில மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். எங்களை நினைவிருக்குமோ என்னவோ.

இன்றும் முதல் ஈட்டு வடையில் ஒன்றை எடுத்து, அந்தக் கேட்டுக்கு நேராகத் தூக்கி, ஓட்டை வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கடையைத் திறக்கிறேன்.