நுவரெலியாவில் வேர்த்த பிள்ளை

"நாங்க வீட்டுல இல்லியே ராத்தா" என்று அஸ்கி தன் வீட்டு மண்டபத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று சொன்னான்.

போனின் மறுபக்கம் கொழும்பிலிருந்து அவனுடைய மூத்த சகோதரி பஹ்மிதா. சித்திரை விடுமுறைக்குக் கல்முனைக்கு வருகிறோம், நாளைக் காலையில் புறப்படுகிறோம், பெரிய வேன், இடம் தாராளமாக இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லியிருந்தாள். பெரிய வேன் என்றதுமே அஸ்கி மனதுக்குள் தலைகளை எண்ணத் தொடங்கினான். போன முறை சின்ன வேனிலேயே பதினொரு பேர் வந்திருந்தார்கள்.

"வீட்டுல இல்லியா? அப்ப எங்க?"

அஸ்கியின் கண் சுவரிலிருந்த கலண்டரில் விழுந்தது. ஏப்ரல் மாதத்துக்குத் தேயிலை மலை ஒன்றின் படத்தைப் போட்டிருந்தார்கள்.

"நுவரெலியா."

"நுவரெலியாவா? றிஸ்லாவும் வந்திரிக்காவா?"

"எல்லாரும்தான். வசந்தகாலம்தானே, பூப் பாக்க வந்த."

"றிஸ்லாக்கு இந்த நேரத்துல என்னடா பூ? நான் என்னத்துக்கு வாறெண்டா..."

"சிக்னல் இல்ல ராத்தா, மல..."

போனை வைத்துவிட்டு அஸ்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான். ராத்தாவிடம் அவன் சொன்ன முதல் பெரிய பொய் அது. நன்றாகவே வந்திருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

அவன் குடியிருப்பது மனைவியின் வீடு. அந்தப் பக்கத்து வழக்கப்படி சீதனமாகக் கிடைத்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து ஒன்பது வருடம். மாப்பிள்ளையின் ராத்தா பெண்வீட்டுக்கு வந்தால் அது சும்மா வருகை ஆகாது. முதல் நாள் சஹன் என்கிற பெரிய தட்டில் சோறு போட்டு எல்லாரும் சுற்றியிருந்து சாப்பிட வேண்டும். மறுநாள் காலையில் அப்பம், மாலையில் வட்டிலப்பம், நடுவில் தேத்தண்ணி. வராதீர்கள் என்று சொல்ல முடியாது. ஏன் வருகிறீர்கள், எத்தனை நாள் நிற்பீர்கள் என்று கேட்பது அதைவிட மரியாதைக் குறைவு. மதினி மண்டபத்தில் இருக்கும்போது வீட்டுக்காரி அறைக்குள் புத்தகமும் கையுமாக இருப்பதோ நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

றிஸ்லாவுக்கோ வருகிற சனிக்கிழமை பாடசாலை அதிபர் சேவைப் போட்டிப் பரீட்சை. இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் சொற்பப் புள்ளிகளில் தவறவிட்டவள். அடுத்த வருடம் வயதெல்லை தாண்டிவிடும். அதனால் அஸ்கி அலுவலகத்தில் லீவு போட்டு, "பிள்ளையள நான் பாக்கிறன், நீ படி" என்று வாக்குக் கொடுத்திருந்தான். பொய்யும் அந்த வாக்கைக் காப்பாற்றச் சொன்னதுதான். அவனைக் குறை சொல்ல முடியாது.

றிஸ்லா அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நாம நுவரெலியாவுலயா இரிக்கம்?"

"நாலு நாளைக்குத்தான்."

"முன்வீட்டு ஆதம்பாவாக் காக்கா உங்கட ராத்தாட மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்த மூத்தவர். அவர் காணமாட்டாரா?"

அஸ்கி அதை யோசித்திருக்கவில்லை. யோசித்ததும் அதற்கும் ஒரு வழி கண்டான்.

செவ்வாய்க்கிழமை காலை முன் கேற்றில் வெளிப்பக்கமாகப் பூட்டுத் தொங்கியது. பின்வளவில் றிஸ்லாவின் தங்கை றுஸ்னாவின் வீடு. மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்திவிட்டு, அவள் வளவு வழியாக அஸ்கி தன் வீட்டுக்குள் திரும்பி வந்தான். ஜன்னல்கள் அத்தனையும் சாத்தப்பட்டன. சித்திரை வெயில் ஓட்டுக்கு மேலே உட்கார்ந்தது.

பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்து விளக்கம் சொன்னான். அர்ஹமுக்கு ஆறு வயது, மின்ஹாவுக்கு நான்கு.

"கத்தப்படாது, ஓடப்படாது. நாம இப்ப நுவரெலியாவுல இரிக்கம்."

மின்ஹா சுற்றிலும் பார்த்தாள். "இதுவா நுவரெலியா?"

"ஓம் மகள்."

"அப்ப ஏன் வாப்பா எங்கட டீவி இஞ்ச இரிக்கி?"

அன்று லுஹர் என்கிற நண்பகல் தொழுகை நேரம் வரைக்கும் றிஸ்லா முகாமைத்துவக் கோட்பாடுகளில் ஒன்றரைப் பக்கம் படித்தாள். மீதி நேரத்தில் மின்ஹாவின் வாயைப் பொத்தினாள்.

லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"தம்பி, வேன் பேசினது பேசினதுதானே, நாங்க வெளிக்கிட்டுட்டம். அதென்ன, பாங்கா கேக்குது?"

"நுவரெலியாவிலயும் பள்ளி இரிக்கி ராத்தா."

பாங்கு முடிந்தது. அதன் பின்னால் தெருமுனையில் மீன்காரர் ஹோர்னை இரண்டு தடவை அடித்து, பாரை, சூரை, கீரி என்று கடலையே வரிசையாகக் கூப்பிட்டார்.

"மீன்காரனுமா வாறான்?"

"லொறியில கொண்டு வாறாங்க."

"றிஸ்லா என்ன செய்றா?"

"பூப் பாக்கிறா."

பஹ்மிதா "புள்ளையள்ற போட்டோ ஒண்டு அனுப்பு, பாப்பம்" என்றாள்.

கல்முனையில் யார் வீட்டில் கம்பளிச் சட்டை இருக்கிறது? அர்ஹமுக்கு உம்மாவின் மழைக்கோட்டைப் போட்டு, கழுத்தில் குளிக்கிற துவாயைச் சுற்றி, தலையில் அஸ்கி உம்றாவுக்குப் போய் வந்தபோது வாங்கிய தடித்த தொப்பியைக் கவிழ்த்தார்கள். மின்ஹாவைப் போர்வையால் சுற்றினார்கள். கலண்டரைக் கழற்றித் திகதிகளை மடித்து மறைத்து, மலைப்படத்தைப் பிள்ளைகளுக்குப் பின்னால் றிஸ்லா பிடித்துக்கொண்டாள். கையிலிருந்த கடந்தகால வினாத்தாள்களை அதற்காகக் கீழே வைக்க வேண்டியிருந்தது. ஏழாவது தடவைதான் அவளுடைய விரல் விழாமல் படம் வந்தது.

அனுப்பி இரண்டு நிமிடம் ஆகவில்லை.

"தம்பி, அர்ஹமுக்கு என்னடா இப்பிடி வேர்க்குது? மூக்கு நுனியில சொட்டுது!"

"அது... பனி."

"பனியில்லடா, வேர்வ! குளிருக்குள்ள நிண்டு புள்ளைக்கி வேர்க்குதெண்டா அது காய்ச்சல். நாங்க அவிசாவளையில நிக்கிறம். வேன நுவரெலியாவுக்கே உடச் சொல்றன். நான் வந்துதான் பாக்கணும்."

"வேணாம் ராத்தா..."

இந்தத் தடவை போனை வைத்தது பஹ்மிதா.

மாலையில் அவள் நுவரெலியா வாவிக் கரையிலிருந்து கூப்பிட்டாள். வாவியைச் சுற்றி இரண்டு தடவை வந்தாயிற்றாம், எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று கேட்டாள். காய்ச்சல் சுகம், ஆனால் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, கீழே எல்ல என்ற ஊருக்கு இறங்கிவிட்டோம் என்றான் அஸ்கி. புதன் பகலில் அவள் எல்லவில் பாலத்தடியில் நின்றாள். பாலம் வேண்டாமென்று பிள்ளைகள் அழுதார்கள், கடல் பார்க்கப் பொத்துவில் போகிறோம் என்றான் அஸ்கி.

றிஸ்லா அர்ஹமின் பள்ளிக்கூடத் தேசப்படத்தை எடுத்து மேசையில் விரித்தாள். பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள்.

"கொழும்பு, நுவரெலியா, எல்ல, பொத்துவில். அங்கால அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர். பிறகு நம்மட கேற்று. கையப் புடிச்சிக் கூட்டிட்டு வாறது நீங்கதான்."

அஸ்கி கோட்டைப் பார்த்தான். ராத்தா கொழும்பிலிருந்து நேராக வந்திருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காக வந்திருக்க மாட்டாள்.

வியாழக்கிழமை காலையில் மின்ஹா நுவரெலியாவில் இருந்து களைத்துப் போய்விட்டாள். குசினியில் ஒரு சட்டியை எடுத்துத் தரையில் போட்டு, அது சுற்றுகிற அழகைப் பார்த்துக் கைதட்டினாள். முன்வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்த ஆதம்பாவாக் காக்காவின் கை நின்றது. வெளியே பூட்டு, உள்ளே சட்டி.

பத்து நிமிடத்தில் பஹ்மிதா போனில் வந்தாள்.

"தம்பி, பதறாத. உன்ட வீட்டுக்குள்ள கள்ளனாம். ஆதம்பாவாக் காக்கா இவருக்குக் கோல் எடுத்துச் சொன்னாரு."

"கள்ளனில்ல ராத்தா, பூனையா இரிக்கும்."

"பூன சட்டியப் போட்டுட்டுக் கை தட்டுமா? நாங்க இனிப் பொத்துவிலுக்கு வரல்ல. அம்பாறையால இறங்கி நாளைக்கி ஜும்ஆவோட உன்ட வீட்டுக்குப் போறம். நீ பயப்படாத, காக்கா கேற்றடியில காவலுக்கு இரிக்கன் எண்டவர்."

அஸ்கி ஜன்னல் இடுக்கால் பார்த்தான். ஆதம்பாவாக் காக்கா ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கேற்றுக்கு நேராகப் போட்டு, மடியில் ஒரு உலக்கையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தேத்தண்ணிப் போத்தலும் இருந்தது. எழும்புகிற ஆளாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மின்விசிறியும் நின்றது, அது கீச்சிடும் என்பதால். இருமல் வந்தவர்கள் தலையணைக்குள் இருமினார்கள். தண்ணீர்க் குழாயைத் திறக்கவும் பயமாக இருந்தது. றிஸ்லா ஒரு கையால் மின்ஹாவை மடியில் அமுக்கிக்கொண்டு மறுகையால் ஒரு பக்கத்தைத் திருப்பப் பார்த்தாள். கடதாசி சத்தம் போட்டது. அவள் புத்தகத்தை மெல்ல மூடி வைத்தாள்.

"மதினி வந்திருந்தாலும் ராவையில கொஞ்சம் படிச்சிருப்பன்" என்று காதோடு சொன்னாள். குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் சத்தம் வேண்டும்.

அஸ்கிக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பது வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டது இந்த நான்கு நாள்கள்தான். அதையும் அவன் வியர்வையிலும் கலண்டரிலும் கரைத்துவிட்டான். நாளைக்கு ராத்தா வந்து இறங்கினால் சோறாக்கவே பொழுது போய்விடும். நாளை மறுநாள் பரீட்சை.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குப் போகாமல் இருக்க முடியாது. ஊர்ப் பள்ளிக்குப் போனால் ஆதம்பாவாக் காக்கா காணுவார். அஸ்கி பின்வளவால் நழுவி, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மாவடிப்பள்ளிக்கு ஓடினான். வயல் நடுவில் உள்ள ஊர். அவனை அங்கே ஒருவருக்கும் தெரியாது. அது அம்பாறை வீதியில் இருக்கிற ஊர் என்பது அவன் நினைவுக்கு வரவில்லை.

பின் வரிசையில் ஒரு மூலையில் நின்றான். தொழுகையில் றிஸ்லாவுக்காக மனமுருகி துஆக் கேட்டான். எப்படியாவது இன்று பின்னேரம் முதல் அவளுக்குக் கொஞ்சம் அமைதியைக் கொடு றப்பே என்று கேட்டான். தொழுகை முடிந்து வலது தோள் பக்கம் திரும்பி ஸலாம் சொன்னான். இடது தோள் பக்கம் திரும்பி ஸலாம் சொன்னான்.

இடது பக்கத்தில் நளீம் மச்சான் இருந்தார். பஹ்மிதாவின் கணவர்.

நளீம் கையை நீட்டினார்.

"இப்பத்தான் மச்சான் வந்து சேர்ந்த" என்றான் அஸ்கி. "பொத்துவில்ல இரிந்து."

நளீம் அவனுடைய வீட்டுச் சாரனைப் பார்த்தார், முழங்காலடியில் இருந்த தலைக்கவசத்தைப் பார்த்தார். அவர் அதிகம் கதைக்காத மனிதர்.

"நல்லம்" என்றார். "ராத்தா அங்கால பொம்புளையள் பக்கம் தொழுதிட்டு வருவா. நீங்க வேனடிக்குப் போங்க, நான் சுன்னத்துத் தொழுதிட்டு வாறன்."

வேன் வேப்பமர நிழலில் நின்றது. ட்ரைவர் கலந்தர், அட்டாளைச்சேனைக்காரர், கொழும்பில் பத்து வருடமாக வேன் ஓட்டுபவர், போன முறையும் ராத்தாவை ஏற்றி வந்தவர், தொழுகை முடிந்த கையோடு வந்து கதவைத் திறந்துபோட்டுக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். பின் ஆசனத்தில் ராத்தாவின் மூன்று பிள்ளைகளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். வேறு ஆள்கள் இல்லை. பதினொரு பேரை எண்ணத் தயாராக வந்த அஸ்கி ஐந்தோடு நின்றுவிட்டான்.

நடுவில் இரண்டு ஆசனங்கள் வெறுமையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் தலையணை. அதன் மேல் விலைச்சீட்டுக் கழற்றாத கம்பளிச் சட்டை, ஒன்று நீலம், ஒன்று ரோஸ். வர்ணம் தீட்டும் புத்தகம் இரண்டு, பிஸ்கட் பெட்டி ஒன்று.

"இதாரு, இன்னும் ரெண்டு பேர் வரக் கிடக்கா காக்கா?" என்று கேட்டான் அஸ்கி.

கலந்தர் துணியை உதறித் தோளில் போட்டார்.

"நல்லாக் கேட்டீங்க தம்பி, நாலு நாளா இந்த ரெண்டு சீற்றுக்கும் ஆக்களத் தேடித்தானே நாடு முழுக்க ஓடுறன், உங்கட பொஞ்சாதி நிம்மதியாச் சோதினைக்குப் படிக்கட்டும், ரெண்டு புள்ளையளையும் நாம நுவரெலியாவுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சனிக்கிழம கொண்டந்து உடுவம் எண்டு சொல்லத்தானே ராத்தா திங்கக்கிழம உங்களுக்குக் கோல் எடுத்தவ!"